எந்த போல்ட், எந்த எண்ணெய்?

வீட்டிலேயே ஆயில் மாற்றப் போய் கியர் பாக்ஸைக் காலி செய்துவிடும் விபத்து அபூர்வமானதல்ல. மைசூரில் பிறந்த ஜாவாவின் கதையில் அதற்கான பாடம் இருக்கிறது.

மைசூரில் சுமார் 35 ஆண்டுகள் தயாரான ஒரு மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் ஆயில் மாற்ற யாராலும் முடிந்ததில்லை. அதில் எஞ்சின் ஆயில் என்று தனியாக ஒன்று இருந்தால்தானே மாற்றுவதற்கு! முதலில் ஜாவா என்றும் பிறகு யெஸ்டி என்றும் பெயர் தாங்கிய அந்த வண்டியின் அடிவயிற்றில் ஒரு டிரெயின் போல்ட் உண்டு. அதைக் கழற்றினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் வடியும். அது கியர் பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் உரிய எண்ணெய். எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய் பெட்ரோல் டாங்கில், பெட்ரோலோடு கலந்து கிடக்கும்.

பழைய ஜாவா ஓட்டிகளுக்கு இது அரிச்சுவடி. ஆனால் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பழகிவிட்டு, ஆசைக்காக ஒரு பழைய யெஸ்டியை வாங்கும் இளைஞருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அடியில் உள்ள போல்ட்டைத் திறக்கிறார். கறுத்த எண்ணெய் வடிகிறது. புதிய எண்ணெயை ஊற்றுகிறார். 'எஞ்சின் ஆயில் மாற்றியாகிவிட்டது' என்ற நிம்மதியில் வெறும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறார். சாமுண்டி மலை ஏற்றத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்போதுதான், தான் மாற்றியது வேறு எண்ணெய் என்பது அவருக்குப் புரியும்.

கார் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு இதற்கு நேர் எதிரானது. எஞ்சின் ஆயிலை வடிப்பதாக எண்ணிக்கொண்டு அவர்கள் கியர் பாக்ஸின் எண்ணெயை வடித்துவிடுகிறார்கள். பிறகு புதிய எஞ்சின் ஆயிலை, ஏற்கனவே நிரம்பியிருக்கும் எஞ்சினில் மேலும் ஊற்றுகிறார்கள். ஒரே தவறில் இரண்டு சேதம். எஞ்சினில் இரண்டு மடங்கு எண்ணெய், கியர் பாக்ஸில் ஒரு சொட்டும் இல்லை. சில நூறு ரூபாய் கூலியை மிச்சம் பிடிக்கத் தொடங்கிய வேலை, ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் லட்சத்தைத் தொடும் செலவில் முடியக்கூடும்.

தவறு நடக்கும் விதம்

இதைச் செய்பவர்கள் அசட்டையானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சொல்லப்போனால் கவனமானவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒர்க் ஷாப்பில் உண்மையிலேயே எண்ணெயை மாற்றினார்களா, பில்லில் மட்டும் மாற்றினார்களா என்ற சந்தேகம் அவர்களுக்கு உண்டு. தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விருப்பமும் உண்டு. நல்ல எண்ணெயாகப் பார்த்து வாங்குகிறார்கள், புது ஃபில்டர் வாங்குகிறார்கள், செல்போனில் இரண்டு வீடியோ பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்திவிட்டு அடியில் படுக்கிறார்கள்.

குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்று விற்கும் சிறிய கார்கள் அநேகமாக எல்லாமே முன் சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அவற்றில் எஞ்சினும் கியர் பாக்ஸும் பானெட்டுக்குக் கீழே குறுக்குவாட்டில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. இரண்டின் அடிப்பாகமும் ஏறக்குறைய ஒரே மட்டம். இரண்டும் அலுமினிய நிறம். இரண்டிலும் ஒரு டிரெயின் போல்ட். மல்லாந்து படுத்துத் தலையை வண்டியின் பின்பக்கம் வைக்கிறோமா முன்பக்கம் வைக்கிறோமா என்பதைப் பொறுத்து இடது வலதாகிவிடும். சில கார்களில் அடிப்பகுதியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு சிறிய திறப்பு மட்டும் இருக்கும். அதன் வழியே கண்ணில் படும் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டத் தோன்றுவது இயல்பு.

வீடியோவும் முழுத் துணையல்ல. அதே பெயர் கொண்ட காரில்கூட பெட்ரோல் எஞ்சினுக்கு ஓரிடம், டீசல் எஞ்சினுக்கு வேறிடம். கையால் கியர் மாற்றும் காருக்கு ஒரு அமைப்பு, ஆட்டோமேட்டிக் காருக்கு வேறு அமைப்பு. வீடியோவில் இருப்பது யாருடைய வண்டியோ. நம் தலைக்கு மேல் இருப்பது நம்முடையது.

தங்கள் வாகனங்களைத் தாங்களே பழுது பார்க்கும் பழக்கம் பரவலாக உள்ள அமெரிக்காவிலும் இது பிரபலமான விபத்து. அங்கே ஜப்பானிய சுபாரு கார்களின் பெயர் இதில் அதிகம் அடிபடும். அவற்றில் எஞ்சின் நீளவாட்டில் இருக்கிறது. அதன் டிரெயின் போல்ட்டுக்குப் பின்னால் கியர் பாக்ஸுக்கும், முன் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனி போல்ட்டுகள். ஆக மூன்று எண்ணெய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. வீட்டில் செய்பவர்கள் மட்டுமின்றி, பத்து நிமிடத்தில் ஆயில் மாற்றித் தரும் கடைகளின் ஊழியர்களும் தவறான போல்ட்டைத் திறந்துவிடுவது அங்கே நடக்கிற சங்கதி.

இந்தியத் தெருக்களின் கணக்கு

இந்திய வாசகருக்கு இது கார் வைத்திருப்பவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. தெருவுக்குத் தெரு நிற்கும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இரண்டு எண்ணெய்கள் உண்டு. எஞ்சினில் இருப்பது பல மாடல்களில் முக்கால் லிட்டர் அளவு. பின் சக்கரத்தின் அருகே, சக்கரத்துக்கு விசையைக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. நூறு மில்லியைச் சற்றே தாண்டும். சிறிய பெட்டியின் போல்ட்டைத் திறந்துவிட்டு, பெரிய எஞ்சினில் ஒரு பாட்டில் எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? எஞ்சின் தாங்காமல் எண்ணெயைக் காற்று வடிகட்டிக்குத் தள்ளும், புகை கக்கும். பின் சக்கரப் பெட்டியோ வறண்டு போய் முதலில் முனகும், பிறகு அலறும்.

1955 முதல் சென்னை திருவொற்றியூரோடு பிணைந்த என்ஃபீல்டு புல்லட்டின் பழைய இரும்பு எஞ்சின் மாடல்களில் கணக்கு இன்னும் சிக்கல். எஞ்சினுக்கு ஒரு எண்ணெய், கிளட்சும் செயினும் இருக்கும் இடது பக்கப் பெட்டிக்கு ஒரு எண்ணெய், தனியாகப் பொருத்தப்பட்ட கியர் பாக்ஸுக்கு ஒன்று. 2008-க்குப் பிறகு வந்த புதிய எஞ்சின்களில் மூன்றும் ஒன்றாயின. எனவே அப்பாவின் புல்லட்டில் வேலை கற்ற மகன் தன் புல்லட்டில் இல்லாத போல்ட்டைத் தேடுவான். மகனின் புல்லட்டில் கற்றவர் அப்பாவின் புல்லட்டில் இரண்டு எண்ணெய்களை மறந்துவிடுவார்.

பழைய பஜாஜ் சேத்தக், லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்கள் ஜாவா கட்சி. பெட்ரோலில் எண்ணெய், அடியில் கியர் எண்ணெய். இன்றைய நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை புதிய புல்லட் கட்சி. எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். அங்கே 'ஆயில் மாற்றுவது' என்றாலே மூன்றையும் சேர்த்து மாற்றுவதாகும். அந்தப் பழக்கத்தோடு காரின் அடியில் படுப்பவருக்கு, எண்ணெய் வடிந்தால் போதும், எது வடிகிறது என்ற கேள்வியே எழுவதில்லை.

யாதவகிரி கற்றுத் தந்தது

எந்த எண்ணெய் எங்கே போகிறது என்பது ஒரு காலத்தில் மைசூரில் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாவிட்டால் வண்டி ஓடாது என்பதுதான் காரணம்.

ஜாவாவின் பூர்வீகம் செக்கோஸ்லோவாகியா. 1929-ல் ஃபிரான்டிசெக் யானெச்செக் என்ற ஆயுதத் தொழிலதிபர், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளைத் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் வாண்டரரின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து 'ஜாவா' என்று பெயரிட்டார். அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும். அவர்களுடைய ஐடியல் ஜாவா நிறுவனத்தின் தொழிற்சாலை மைசூரின் யாதவகிரியில் எழுந்தது. 1961-ல் அதைத் திறந்து வைத்தவர் முன்னாள் மகாராஜாவும் அப்போதைய மைசூர் மாநில ஆளுநருமான ஜயசாமராஜ உடையார்.

செக் நிறுவனத்துடனான உரிம ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு, 1970-களில் அதே குடும்ப வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வந்தன. இரானி குடும்பத்தின் பூர்வீக ஊரான ஈரானின் யஸ்த் நகரத்தின் நினைவாக வைத்த பெயர் அது. 1978-ல் வந்த ரோட்கிங் இறுதிவரை தயாரிப்பில் இருந்தது.

வண்டியின் அமைப்பே ஓட்டுகிறவரைப் பாடம் படிக்கவைத்தது. உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் போடும் நெம்புகோலும். கிளப்பிய பிறகு அதை உள்ளே அழுத்தித் திருப்பி முன்னால் கொண்டுவந்தால் கியர் தயார். பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு 30, 40 மில்லி கணக்கில் 2டி எண்ணெயை அளந்து ஊற்றி, வண்டியை இடுப்பால் ஆட்டிக் கலக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகும், கூடினால் ஸ்பார்க் பிளக் கறுத்து வண்டி நின்றுவிடும். வாரத்துக்கு ஒருமுறை இப்படி அளந்து ஊற்றியவருக்கு, அடியில் இருப்பது வேறு எண்ணெய் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜாவா ஓட்டிகளுக்கு இன்னொரு நுணுக்கமும் தெரியும். யாரும் போல்ட்டைத் திறக்காமலே கியர் பாக்ஸ் எண்ணெய் காணாமல் போவதுண்டு. கிளட்ச் பக்கத்தில் கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டால், எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் கியர் பாக்ஸின் எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். தரையில் ஒரு சொட்டுக் கறையும் இருக்காது. வழக்கத்தைவிட அடர்ந்த வெண்புகைதான் அடையாளம். புகையைப் பார்த்துவிட்டு பெட்ரோலில் எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று கலவையைக் குறைக்கிறவருக்கு இரட்டை நஷ்டம். கியர் பாக்ஸ் வறள்கிறது, எஞ்சினும் பட்டினி கிடக்கிறது.

எண்ணெய் கலக்கும் தொல்லையிலிருந்து விடுவிக்கும் முயற்சியும் யாதவகிரியிலேயே நடந்தது. 1970-களில் வந்த 'ஆயில் கிங்' மாடலில் எண்ணெயைத் தானாக எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப் இருந்தது. ஆனால் பம்ப் ஓய்ந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே எஞ்சின் பட்டினி கிடக்கும். அதை நம்பாமல் கழற்றிவிட்டுப் பழையபடி கையாலேயே கலந்து ஓட்டிய உரிமையாளர்கள் உண்டு. தொல்லையாக இருந்தாலும் கண்ணால் பார்த்து ஊற்றியதில் அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது.

1985-ல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்தது. நிரப்பு, மூடு, மறந்துவிடு என்பதுதான் அதன் விளம்பரம் சொன்ன சேதி. எண்ணெய் கலக்க வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஜாவா நினைத்துப் பார்க்க முடியாத தூரம் ஓடும். நடுத்தரக் குடும்பங்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகத் தொடங்கின. யாதவகிரித் தொழிற்சாலையில் 1996-ல் உற்பத்தி நின்றது.

மறக்கச் சொன்ன வண்டிகள் வென்றதில் நஷ்டம் என்று சொல்ல முடியாது. காற்று சுத்தமானது, பர்ஸும் கனத்தது. ஆனால் எண்ணெய் எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்ற அறிவும் சேர்ந்தே மறந்துபோயிற்று. 10,000 கிலோ மீட்டருக்கு ஒருமுறை யாரோ மாற்றும் திரவமாகிவிட்டது அது. இப்போது மீண்டும் தங்கள் கையாலேயே மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள், தங்களுக்கு முந்தைய தலைமுறைக்குப் பெட்ரோல் பங்கிலேயே கிடைத்த பாடத்தைப் படிக்காமல் காரின் அடியில் படுக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

எஞ்சினில் எண்ணெய் இல்லாவிட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகமானாலும் கெடும் என்பது பலருக்குப் புதிது. எண்ணெய் மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க் தண்டு அதில் முங்கி, மத்தால் மோரைக் கடைவது போல நுரைக்கவைக்கும். நுரை என்பது பாதி காற்று. எண்ணெய் பம்ப் அதை உறிஞ்சினால் அழுத்தம் விழுந்துவிடும், பேரிங்குகளுக்கு எண்ணெய் சரியாகப் போய்ச் சேராது. கூடுதல் எண்ணெய் சீல்களின் வழியே கசியும், எரிந்து நீலப்புகையாக வரும், புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். டீசல் எஞ்சினில் ஆபத்து இன்னும் அதிகம். அளவுக்கு மீறிய எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு அதுவே எரிபொருளாகிவிட்டால், சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காமல் வேகமெடுக்கக்கூடும்.

வறண்ட கியர் பாக்ஸின் கதி அதன் வகையைப் பொறுத்தது. கையால் கியர் மாற்றும் பெட்டியில் எண்ணெயின் வேலை உராய்வைத் தடுப்பதும் சூட்டைத் தணிப்பதும். அது இல்லாமலும் கார் நகரும். அதுதான் ஆபத்து. முதலில் பேரிங்குகள் சூடேறிச் சத்தமிடும், பிறகு பற்கள் தேயும், கியர் விழ மறுக்கும். ஏ.எம்.டி. எனப்படும் கார்களில் இருப்பதும் இதே பெட்டிதான். கிளட்சையும் கியரையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஓர் இயந்திரம் இயக்குகிறது, அவ்வளவே.

முழு ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வெறும் மசகு அல்ல. டார்க் கன்வெர்ட்டர் உள்ள கார்களில் எஞ்சினின் விசையைக் கியர் பாக்ஸுக்குக் கொண்டுபோவதே அந்தத் திரவம்தான். கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதன் அழுத்தம்தான். சி.வி.டி. எனும் வகையில் இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. கப்பிகள் பட்டையை இறுகக் கவ்வுவதும் திரவ அழுத்தத்தால்தான். திரவம் குறைந்தால் பட்டை வழுக்கும். எஃகின் மேல் எஃகு வழுக்கினால் கப்பியில் கீறல் விழும். கீறல் விழுந்த கப்பியைச் சாணை பிடித்துச் சரிசெய்ய முடியாது. பெரும்பாலும் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டிவரும்.

ஒரு விதத்தில் இந்த வகை கார்கள் உரிமையாளருக்குக் கருணை காட்டுகின்றன. திரவம் முழுவதும் வடிந்துவிட்டால் வண்டி அநேகமாக நகராது. எஞ்சின் உறுமும், கார் நிற்கும். அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பி நிறுத்தியவர் தப்பிக்க வாய்ப்பு உண்டு. 'ஏன் நகரவில்லை' என்று ஆக்ஸிலரேட்டரை மேலும் மேலும் மிதிப்பவர்தான் பெட்டியைக் கொல்கிறார்.

ஊற்றும் முன் ஒரு நிமிடம்

இந்த விபத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. போல்ட்டைத் திறப்பதற்கும் புதிய எண்ணெயை ஊற்றுவதற்கும் நடுவே கண்டுபிடித்துவிட்டால் ஏறக்குறைய எந்தச் சேதமும் இல்லை. கண்டுபிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, டிப்ஸ்டிக். எண்ணெய் முழுவதும் வடிந்த பிறகு எஞ்சினின் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். அது வறண்டிருந்தால் வடிந்தது எஞ்சின் ஆயில். பழைய மட்டத்திலேயே எண்ணெய் ஒட்டிக்கொண்டு வந்தால் வடிந்தது வேறு. இந்த ஒரு சோதனையை வழக்கமாக்கிக்கொண்டவர் புதிய எண்ணெயைத் தவறான இடத்தில் ஊற்றவே மாட்டார்.

இரண்டாவது, அளவு. வடிந்த எண்ணெயை அளவுக் குறியிட்ட பாத்திரத்தில் பிடியுங்கள். வாகனக் கையேட்டில் எஞ்சின் ஆயில் எத்தனை லிட்டர் என்று அச்சிட்டிருக்கும். ஸ்கூட்டரில் முக்கால் லிட்டர் எதிர்பார்த்த இடத்தில் அரை டம்ளர் வந்தால், அதுவே பதில் சொல்லிவிடும்.

மூன்றாவது, நிறம். ஓடிய எஞ்சின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். டீசலில் சீக்கிரமே மை போலாகிவிடும். ஆட்டோமேட்டிக் திரவத்துக்குப் பல நிறுவனங்கள் சிவப்புச் சாயம் சேர்க்கின்றன, கசிவு எங்கிருந்து என்று எளிதில் தெரிவதற்காக. சி.வி.டி. திரவங்கள் பச்சையாகவோ தேன் நிறத்திலோ இருக்கலாம். ஆனால் பழசானால் எல்லாம் பழுப்புதான். ஆகவே நிறத்தைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பை டிப்ஸ்டிக்கிடம் விடுவதே நல்லது.

முன்யோசனை அதைவிட மேல். வேலைக்கு முன்பே கையேட்டின் படத்தைப் பார்த்து இரண்டு போல்ட்டுகளையும் கண்டுபிடித்துவிட வேண்டும். பல ஹோண்டா ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் பாக்ஸின் போல்ட்டில் அறுகோணத் தலைக்குப் பதில் சதுரக் குழி இருக்கும். எஞ்சின் போல்ட்டுக்குரிய ஸ்பேனர் அதற்குப் பொருந்தாது. கையில் உள்ள ஸ்பேனர் பொருந்தவில்லை என்றால், வேறு ஸ்பேனரைத் தேடும் முன் வேறு போல்ட்டைத் தேடுவது புத்திசாலித்தனம். கியர் பாக்ஸையே மாற்ற முனைகிறவர்கள், வடிக்கும் போல்ட்டுக்கு முன்னால் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தால், வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது.

தவறு நடந்துவிட்டால்? எஞ்சினைக் கிளப்பக் கூடாது. 'வாசல்வரை நகர்த்திப் பார்க்கிறேன்' என்பதும் கூடாது. வடிந்தது எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொண்டு, கையேட்டில் பெயர் சொல்லியிருக்கும் அதே திரவத்தை வாங்கி அதே அளவு ஊற்ற வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் வடிவது மொத்தத் திரவத்தில் ஒரு பகுதிதான். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குளிர்விக்கும் குழாய்களிலும் தங்கியிருக்கும். கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவைப் பார்த்து ஊற்றினால் அளவு மீறிவிடும். வடிந்ததைத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றும் ஆசை வரும். அடக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் வால்வுகளின் துவாரங்கள் மிக நுண்ணியவை. ஒரு நூலிழை போதும் அடைப்பதற்கு.

பல புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் பாக்ஸுக்கு டிப்ஸ்டிக்கே கிடையாது. எஞ்சின் ஓடும்போது, குறிப்பிட்ட வெப்பநிலையில், அளவு போல்ட்டைத் திறந்துதான் மட்டம் பார்க்க முடியும். அந்த வசதி வீட்டில் இல்லாதவர்கள் வடிந்த அளவை ஊற்றிவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்கலாம், அல்லது காரை லாரியில் ஏற்றி அனுப்பலாம். போய்ச் சேர்ந்ததும் நடந்ததை மறைக்காமல் சொல்வது முக்கியம். 'திடீரென்று நகரவில்லை' என்று மட்டும் சொன்னால், மெக்கானிக் நோயைத் தேடிப் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்.

வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். எஞ்சின் ஆயில் மாற்றுவது இன்றும் ஒரு சாதாரண உரிமையாளர் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்கக் கூடாது, உறுதியான ஸ்டாண்டு வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு, ஈரக் கிளட்சுக்கு ஏற்ற 'ஜாசோ எம்.ஏ.' முத்திரை உள்ள எண்ணெய் வேண்டும். காரின் எண்ணெயை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியென்றால் வீட்டில் கைவைக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். எண்ணெய் வாங்கிய பில், தேதி, ஓடிய கிலோ மீட்டர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்லது.

வடித்த எண்ணெயை என்ன செய்வது என்பதும் வேலையில் சேர்த்தி. 2016-ம் ஆண்டின் விதிகளின்படி கழிவு எண்ணெய் அபாயகரமான கழிவு. வீட்டு முன்னாலுள்ள சாக்கடையில் ஊற்றினால் அது மழைநீரோடு ஏரிக்குப் போகும். யாதவகிரியிலிருந்து குக்கரஹள்ளி ஏரி அதிக தூரமில்லை. புதிய எண்ணெய் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, கழிவு எண்ணெய் சேகரிப்பவருக்குக் கொடுக்கும் ஒர்க் ஷாப்பில் ஒப்படைப்பதுதான் முறை.

ஜாவா இப்போது திரும்பி வந்திருக்கிறது. மகிந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018-ல் ஜாவாவையும் 2022-ல் யெஸ்டியையும் மறு அறிமுகம் செய்தது. தயாராவது மைசூரில் அல்ல, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில். தோற்றம் பழையது, வயிறு புதியது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய், பெட்ரோலில் எதையும் கலக்க வேண்டியதில்லை. கலந்தால்தான் தவறு.

ஒவ்வொரு ஜூலையிலும் இரண்டாவது ஞாயிறு இந்தியாவெங்கும் ஜாவா, யெஸ்டி பிரியர்களின் நாள். அன்று பழைய வண்டியும் புதிய வண்டியும் அருகருகே நிற்பதைப் பார்க்கலாம். டாங்கில் ஒரே பெயர். அடியில் ஆளுக்கொரு டிரெயின் போல்ட். ஒன்றைத் திறந்தால் எஞ்சினின் எண்ணெய் வரும். மற்றதைத் திறந்தால் அது ஒருநாளும் வராது.